டத்தோ வீட்டுச் சனிக்கிழமை

அத்தியாயம் 11

அபிராமியின் தலையில் இருபத்தொரு ஒயர்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாய் ஒரு பேஸ்ட். எட்டு வயதுப் பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, என் தலையில வை-ஃபை வருமா?" என்றாள்.

சிரித்தது ஈ.ஈ.ஜி. எடுக்கும் தினேஸ்வரி மட்டும்தான். விசாலிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. தூக்கம் குறைந்த மூளைதான் தன் கோளாறைக் காட்டும் என்று சொல்லியிருந்ததால், விடியற்காலை நாலு மணிக்கே மகளை எழுப்பிக் கூடவே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் நன்றாகத் தூங்கியவர் ஒருவர்தான். அவர் பெயர் சாத்தப்பன். அபிராமியின் அப்பா. இப்போது வெளியே நாற்காலியில் பாக்கித் தூக்கத்தையும் முடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எப்பெப்ப மயங்குறா?" என்றாள் தினேஸ்வரி.

இதே கேள்விக்கு விசாலி கவுண்டரில் ஒரு தடவை, தாதியிடம் ஒரு தடவை, பாரத்தில் எழுதி ஒரு தடவை பதில் சொல்லியாகிவிட்டது.

"மூணு சனிக்கிழமை. மூணு தடவ. மூணும் எங்க மூத்தாரு வீட்ல."

விஷயம் இதுதான். சாத்தப்பனின் அண்ணன் சிவபிரகாசத்துக்கு டத்தோ பட்டம் வந்து இரண்டு வருடமாகிறது. பட்டத்தோடு பாரம்பரியமும் வந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் காரைக்குடிக்குப் போனவர், அடியில் அடுப்பும் வயிற்றில் பித்தளைக் குழாயும் வைத்த ஒரு செம்புத் தவலையைப் பார்த்தார். கப்பலில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுவந்தார். வந்த தவலைக்கு வேலை வேண்டுமே? வாரம் ஒருமுறை குடும்பம் முழுக்க டத்தோவின் ஈப்போ கார்டன் வீட்டில் கூடி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டுப் போக வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. பெண்களுக்கு வெள்ளிக்கிழமை என்பது சம்பிரதாயம். வெள்ளிக்கிழமை டத்தோவுக்குக் கூட்டங்கள் இருந்தன. ஆகவே சம்பிரதாயம் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

முதல் சனிக்கிழமை அபிராமி குளியலறையில் வெறித்துப் பார்த்தபடி சரிந்தபோது, நல்லெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். தேங்காயெண்ணெய்க்கு மாறினார்கள். இரண்டாவது சனிக்கிழமை சரிந்தபோது, சீயக்காய் நெடி ஏறிவிட்டது என்றார்கள். ஷாம்பு வந்தது. மூன்றாவது சனிக்கிழமை சரிந்தபோது, மணை தெற்குப் பார்த்துக் கிடந்ததை டத்தோவே கண்டுபிடித்தார். மணை கிழக்கே திரும்பியது.

அதற்குமேல் திருப்ப ஒன்றும் இல்லாததால், பிள்ளை நடிக்கிறாள் என்று முடிவாகியது. அந்த முடிவோடு சண்டை போட்டுத்தான் விசாலி இந்த மருத்துவமனைக்கு வந்திருந்தாள்.

"இந்தக் காத்தாடிய ஊதும்மா. நல்லா இழுத்து, நல்லா விட்டு" என்றாள் தினேஸ்வரி. அபிராமி மூன்று நிமிடம் ஊதினாள். கண்ணெதிரே விளக்கு மின்னியது. திரையில் கோடுகள் கோடைநாள் ஓடை மாதிரி அமைதியாக ஓடின. ஒரு கோடுகூடத் துள்ளவில்லை.

விசாலிக்கு அந்தக் கோடுகள்மேல் கோபம் வந்தது.

டாக்டர் ஜெயபாலனின் அறையில் சுவர் தெரியவில்லை. சான்றிதழ்கள்தான் தெரிந்தன. அவற்றில் ஒன்று, அவர் ஒரு கருத்தரங்கில் கலந்துகொண்டதற்கு. பேசியதற்கு அல்ல, உட்கார்ந்திருந்ததற்கு.

"நார்மல்" என்றார், பரிசு கொடுப்பதுபோல்.

"அப்ப எதுக்கு மயங்குறா, டாக்டர்?"

"ஃபோன் பாக்குறாளா?"

"எல்லாப் பிள்ளையும்தான் பாக்குது."

"அதான்."

"டாக்டர், சனிக்கிழமை மட்டும் வருது. குளிக்கும்போது மட்டும் வருது."

"வீக்கெண்ட் இல்லையா? வாரம் பூரா அடக்கி வெச்ச ஸ்கூல் டென்ஷன் வெளிய வரும்."

"ஸ்கூல் டென்ஷன் ஸ்கூல்ல வராதா, டாக்டர்? குளியலறைக்கு வந்து, தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் காத்திருக்குமா?"

டாக்டர் சாத்தப்பனைப் பார்த்தார். ஆண்கள் ஆண்களைப் பார்க்கும் பார்வை. சாத்தப்பன் தரையைப் பார்த்தார். சீட்டில் 'நடத்தைப் பிரச்சினை' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கையெழுத்து, சீட்டில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் சாத்தப்பன் மெதுவாகச் சொன்னார். "நார்மல்னு சொல்லிட்டாரே, விசாலி. நல்லதுதானே லா?"

"என்ன நல்லது? புள்ள விழுந்தது பொய்னு சொல்லிருக்காரு. விழுந்தது பொய்னா, புடிச்ச நானும் பொய்தான?"

பின்னாலிருந்து செருப்புச் சத்தம். தினேஸ்வரி ஓடி வந்தாள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அங்கே இப்போது ரப்பர் மரமும் இல்லை, தோட்டமும் இல்லை, மாடி வீடுகள்தான். பதினாறு வருடமாகப் பிறர் தலையில் ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு உள்ள சொல்லிடாதீங்க. நார்மல்னா அந்த அரை மணி நேரம் நார்மல், அவ்ளோதான். போலீஸ் வந்த நேரத்துல திருடன் வரல. அதுக்காக அந்த வீட்ல திருட்டே போகலன்னு சொல்வீங்களா?"

விசாலிக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"இன்னொரு தடவ வந்தா வீடியோ எடுங்க. கே.எல்.லேருந்து மாசம் ஒருக்கா டாக்டர் சரளான்னு ஒருத்தவங்க வருவாங்க. பிள்ளைங்களோட வலிப்பு மட்டும்தான் பாப்பாங்க. எனக்கு அனுப்புங்க, நான் அவங்களுக்குக் காட்டுறேன். அவங்க மெஷின நம்புறதவிட வீடியோவத்தான் நம்புவாங்க." போகும்போது திரும்பினாள். "அப்புறம் தலைய நல்லா சுடுதண்ணில கழுவுங்க. பச்சத்தண்ணில இந்தப் பேஸ்ட் போகாது."

ஜெலாப்பாங்கில் அவர்கள் வீட்டில் சுடுதண்ணீர் இல்லை. ஷவர் ஹீட்டர் செத்து நாலு மாதமாகிறது. சாத்தப்பன் அதை 'நாளைக்கு' பார்ப்பதாகச் சொல்லியும் நாலு மாதமாகிறது.

"அண்ணன் வீட்லயே கழுவிக்கலாம்" என்றார் சாத்தப்பன். "இன்னிக்குச் சனிக்கிழமை, எப்படியும் சாப்பாடு அங்கதான்."

அவர்கள் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. காரில் ஏறியதும் சாத்தப்பன் அண்ணனுக்கு 'நார்மல்' என்று ஒரு வார்த்தை தட்டியிருந்தார். டத்தோ அதைப் பதினேழு வரியாக்கிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். 'நிபுணர்கள் உறுதிசெய்தபடி, நம் குடும்பத்தில் இத்தகைய நோய் இல்லை, இருந்ததும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை' என்று முடிந்தது. முப்பத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய மகன் ராமுக்குப் பினாங்கில் பெண் பார்த்து, அடுத்த மாதம் நிச்சயம் செய்வதாக இருந்தது. பெண் வீட்டார் விசாரிக்கிறவர்கள்.

"நான் சொன்னேனா இல்லையா?" டத்தோ வாசலிலேயே தொடங்கினார். "டாக்டரே சொல்லிட்டாரு. செல்லம் குடுத்துக் கெடுத்தா இப்படித்தான்."

"நார்மல்னா அந்த அரை மணி நேரம்தான் நார்மலாம், பெரியப்பா" என்றாள் விசாலி. மூத்தாரை மகளின் வாயால்தான் கூப்பிடுவது அவள் வழக்கம்.

"யார் சொன்னது? டாக்டரா?"

"ஈ.ஈ.ஜி. எடுக்குறவங்க."

"ஒயர் ஒட்டுற பிள்ளையா!" டத்தோ சிரித்தார். "ஏர்-கோன் மாட்ட வர்றவன் சொன்னாக்கூட நீ கேப்ப போல."

டத்தோவின் மனைவி உமையாள் ஆச்சி அதற்குள் அபிராமியின் தலையைத் தொட்டுப் பார்த்திருந்தார். பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. "ஐயோ, என்னத்தப் பூசிவிட்டாக! வா ஆத்தா, தவலைல தண்ணி கொதிக்குது. ரெண்டு சொம்பு ஊத்துனா போயிரும்."

விசாலி பின்னாலேயே போனாள். மகள் பழைய டி-ஷர்ட்டோடு மணையில் உட்கார்ந்தாள். மணை கிழக்கே பார்த்தது. எண்ணெய் இல்லை. சீயக்காய் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் விசாலி கைபேசியை எடுத்து, சோப்பு வைக்கும் மாடத்தில் சாய்த்து, சிவப்புப் புள்ளியை அழுத்தினாள். பிள்ளையைப் பிடிக்க இரண்டு கையும் காலியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

உமையாள் ஆச்சி ஊற்றுவதில் கெட்டிக்காரர். ஒரு சொம்பு தலையில் முடிவதற்குள் அடுத்த சொம்பு. ஆவி எழுந்தது.

"பெரியம்மா, சுடுது."

"சுட்டாத்தான் ஆத்தா போகும்."

மூன்றாவது சொம்பில் அபிராமி பேச்சை நிறுத்தினாள். நான்காவதில் அவள் கை தானாக எழுந்து ஈர டி-ஷர்ட்டின் நுனியைப் பிடித்துத் திருகத் தொடங்கியது. வாய் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. "பத்து. பத்து. பத்து" என்றாள், யாருக்கும் அல்ல. கண் திறந்திருந்தது. அதில் அபிராமி இல்லை.

"அபி! அபிம்மா!"

சரிந்தவளை விசாலி தாங்கிப் பிடித்து, ஈரத் தரையிலேயே ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். உமையாள் ஆச்சியின் கையிலிருந்து சொம்பு விழுந்து உருண்டது.

"ஐயோ முருகா! அவுகளுக்கு வந்த மாதிரியேல்ல இருக்கு!"

சத்தம் கேட்டு டத்தோ ஓடி வந்தார். பின்னால் சாத்தப்பன்.

"இரும்பு! இரும்பு குடுங்க கையில!" டத்தோ சட்டைப் பையிலிருந்து தன் ஜெர்மன் காரின் சாவியை எடுத்துப் பிள்ளையின் கையில் திணித்தார்.

அந்தச் சாவி முழுக்க பிளாஸ்டிக். பிள்ளையின் விரல் எங்கேயோ பட்டு, வெளியே போர்ட்டிக்கோவில் கார் மூன்று முறை ஒலி எழுப்பி, டிக்கியைத் திறந்துகொண்டது.

"ஒண்ணும் குடுக்காதீங்க. வாயிலயும் வெக்காதீங்க. நகருங்க எல்லாரும்" என்றாள் விசாலி. அந்த வீட்டில் டத்தோவை நகரச் சொன்ன முதல் ஆள் அவள். நகர்ந்தார்.

ஒன்றரை நிமிடம் இருக்கும். அபிராமி கண்ணைச் சிமிட்டினாள். அம்மாவைப் பார்த்தாள். "தலை கழுவியாச்சா?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

பிள்ளை துவட்டப்பட்டு சோபாவில் தூங்கிப்போனாள். விசாலி அவள் காலடியில் உட்கார்ந்து வீடியோவைப் போட்டாள். ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இரண்டாவது தடவை மகளைப் பார்க்கவில்லை. சொம்பைப் பார்த்தாள்.

எண்ணெய் மாறியது. சீயக்காய் மாறியது. மணை மாறியது. இன்றைக்கு எண்ணெயே இல்லை. மாறாமல் இருந்தது ஒன்றுதான். அது காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்ததால், அதைச் சந்தேகப்பட யாருக்கும் மனம் வரவில்லை.

"சுடுதண்ணிங்க" என்றாள்.

"என்ன?" என்றார் சாத்தப்பன்.

"நம்ம வீட்ல நாலு மாசமா பச்சத்தண்ணிலதான் குளிக்கிறா. ஒரு நாள் விழுந்தாளா? இங்க வந்து தலைல வெந்நீர ஊத்தினா விழுறா. பேசிட்டே இருந்தவ மூணாவது சொம்புல நிறுத்துறா, பாருங்க. இத நாலு வாரமா நம்ம யாரும் பாக்கல. எண்ணெயப் பாத்தோம், திசையப் பாத்தோம், இவ மூஞ்சியப் பாத்தோமா?"

சாத்தப்பன் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. வீடியோவில் உமையாள் ஆச்சியின் குரல் வரும் இடத்தில் நிறுத்தினார்.

உமையாள் ஆச்சி புருஷன் பெயரைச் சொல்லாதவர். அவர் 'அவுக' என்றால் உலகத்தில் ஒருவர்தான்.

டத்தோ தொண்டையைச் செருமினார். "அத அழிச்சிரு."

"எதுக்கு?" என்றாள் விசாலி.

"குளிக்கிற இடத்துல எடுத்தது. வெளிய போகக்கூடாது. குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு."

"டி-ஷர்ட்டோட தலை கழுவுறா, பெரியப்பா. இதுல மானத்துக்கு என்ன?"

"அதுல வேண்டாத பேச்சு இருக்கு. பினாங்குக்காரங்க காதுல விழுந்தா? சாத்தப்பா, அந்த ஃபோன இங்க குடு. நானே அழிக்கிறேன்."

சாத்தப்பன் கையில்தான் கைபேசி இருந்தது. பதினோரு வருடக் கல்யாணத்தில் அண்ணன் கேட்டு இவர் கொடுக்காத பொருள் எதுவும் இல்லை. நிற்கவும் அண்ணன் அனுமதி, உட்காரவும் அண்ணன் அனுமதி. அவர் கையில் கைபேசியின் திரை அணைந்தது.

"லோக் ஆயிருச்சுண்ணே" என்றார் சாத்தப்பன். "பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது."

அது அபிராமியின் பிறந்த தேதி. வைத்ததே அவர்தான்.

விசாலி அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த டத்தோ பட்டமளிப்புப் படத்தை, முதல் தடவை பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். விசாலி அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கினாள். திறந்தாள். தினேஸ்வரிக்கு அனுப்பினாள். சத்தத்தோடு.

"போச்சு" என்றார் டத்தோ, கப்பல் கவிழ்ந்ததுபோல்.

இருபது நிமிடம் யாரும் சாப்பிடவில்லை. கைபேசி அடித்தபோது சாம்பாரில் ஆடை படிந்திருந்தது.

"அபிராமி அம்மாவா? நான் டாக்டர் சரளா. தினேஸ்வரி அனுப்பின வீடியோ பாத்தேன். பிள்ளை எப்படி இருக்கு?"

"தூங்குறா, டாக்டர்." விசாலி ஒலிபெருக்கியை அழுத்தி மேசைமேல் வைத்தாள். எல்லோரும் கேட்கட்டும்.

"தலைல வெந்நீர் ஊத்தும்போது மட்டும்தான் வருதா?"

இத்தனை வாரத்தில் எண்ணெயைக் கேட்டார்கள், ஃபோனைக் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தைக் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. "ஆமா டாக்டர். அப்ப மட்டும்தான்."

"இது நடிப்பு இல்லம்மா. வலிப்புதான். வெந்நீர்க் குளியல்ல வர்ற வலிப்புன்னு ஒரு வகை இருக்கு. தென்னிந்தியால நிறைய பாத்திருக்காங்க, இங்க அபூர்வம். ஷவர்ல மெல்ல விழுந்தா ஒண்ணும் இருக்காது. சூடா, வேகமா, மேல மேல தலைல ஊத்தினா வரும். மத்த நேரத்துல எடுத்தா ஈ.ஈ.ஜி. பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும். அதுனாலதான் தப்பிப்போகுது."

விசாலி டத்தோவைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"இனி தலைக்கு வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான துணில துடைச்சா போதும். தனியாக் குளிக்க விடாதீங்க. புதன்கிழமை ஈப்போ வர்றேன், கூட்டிட்டு வாங்க. மருந்து வேணுமான்னு அப்ப பாப்போம். ஒண்ணு கேக்கணும். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

டத்தோ தலையை இடமும் வலமும் ஆட்டினார். மெதுவாக, அழுத்தமாக, கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைத் தோற்கடிப்பவர்போல்.

"சும்மா கேக்கல" என்றது கைபேசி. "சில குடும்பத்துல இது வழிவழியா வரும். அப்படி வந்தவருக்கு எந்த வயசுல வந்தது, எப்ப நின்னது, குளிக்காத நேரத்துலயும் வந்துதா, இதெல்லாம் தெரிஞ்சா இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்னு ஓரளவு சொல்லலாம். வீடியோல ஒரு அம்மா 'அவுகளுக்கு வந்த மாதிரி'ன்னு சொல்றாங்களே, யாரும்மா அது?"

விசாலி வாயைத் திறப்பதற்குள் உமையாள் ஆச்சி மேசையிலிருந்து கைபேசியை எடுத்தார். அதைக் காதில் வைக்காமல், அகப்பை பிடிப்பதுபோல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"வணக்கம் டாக்டர். சொன்னது நான்தான். என் வீட்டுக்காரவுக. கல்யாணம் ஆகி மறுவாரம், எண்ணெய் தேய்ச்சு நான்தான் தண்ணி ஊத்துனேன். இப்படித்தான் துணியத் திருகுனாக, இப்படித்தான் பாத்தாக. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னாக. இருபத்தொம்பது வருசம் விடல."

"உமையா!" என்றார் டத்தோ.

"சும்மா இருங்க. அந்தப் புள்ளைய நடிக்கிறான்னு சொன்னப்பவே நான் பேசியிருக்கணும்." ஆச்சி கைபேசியை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். "இந்தத் தவலை வந்து இத்தன நாளாச்சு, டாக்டர். எங்களையெல்லாம் வரிசைல நிக்கவெச்சுக் குளிக்கச் சொல்றாக. அவுக ஒரு நாள் இதுல குளிச்சதில்ல. மாடில, கதவச் சாத்திக்கிட்டு, பச்சத்தண்ணி."

சாத்தப்பன் அண்ணனைப் பார்த்தார். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக, நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல வேளை சொன்னீங்கம்மா" என்றார் டாக்டர் சரளா. "இப்ப கவனமா யோசிச்சு சொல்லுங்க. குளிக்காத நேரத்துல, சும்மா இருக்கும்போது, அவருக்கு எப்பவாவது வந்திருக்கா? கார் ஓட்டுறாரா?"

போர்ட்டிக்கோவில் ஜெர்மன் கார் இன்னும் டிக்கியைத் திறந்தபடியே நின்றது. உமையாள் ஆச்சி புருஷனின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்கள் வாசலில் நின்ற காரின் பக்கம் போய்த் திரும்பின.

"அத நான் எப்படிச் சொல்றது, டாக்டர்? என்கிட்டச் சொல்ல மாட்டாகளே. இங்கதான் இருக்காக. நீங்களே கேளுங்க."

கைபேசியை டத்தோவின் முன்னால் நீட்டினார். டத்தோ அதைப் பார்த்தார். சோபாவில் தூங்கும் அபிராமியைப் பார்த்தார். அவள் முடியில் பேஸ்ட் பாதி போயிருந்தது, பாதி இருந்தது.

அவர் கை கைபேசிக்கு வராமல், கார் சாவி வைக்கும் சட்டைப் பைக்குப் போனது.

"ஹலோ?" என்றது கைபேசி. "ஐயா, இருக்கீங்களா?"